தூளிப் புடவையில் தைத்த படம்

பேய், ஆவி, செய்வினை என்று யாராவது பேச்செடுத்தால் அடுப்பைப் பார்க்க எழுந்து போய்விடும் ஆள் நான். எங்கள் வீட்டு வாசலில் எலுமிச்சம்பழம் தொங்காது, பூசணிக்காய் உடைக்க மாட்டோம், பிள்ளை விடாமல் அழுதால் மிளகாய் சுற்றிப் போட மாட்டோம். ஜெபம் பண்ணுவோம், காய்ச்சல் என்றால் டாக்டரிடம் போவோம், அவ்வளவுதான். அப்படி வளர்ந்தவள்தான் இதை எழுதுகிறேன். போன வருஷம் எங்கள் சபையில் மைக்கைப் பிடித்து ஒரு சாட்சி சொன்னேன். அதில் பொய் எதுவும் இல்லை, ஆனால் சொன்னது பாதிதான். மீதியையும் சொல்லியிருந்தால் என்னைத் தனியாக உட்காரவைத்துத் தலையில் கைவைத்து ஜெபித்திருப்பார்கள். நீங்களும் நம்பித்தான் ஆகவேண்டும் என்று இல்லை.

நாங்கள் இருப்பது தாம்பரத்தை அடுத்த சேலையூரில், என் கணவர் சாம் பிறந்து வளர்ந்த அதே வீட்டில். சாமுக்கு மறைமலை நகரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. எங்களோடு அத்தை, அதாவது சாமின் அம்மா, பள்ளிக்கூட டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். பிறகு எங்கள் மகன் ஜோயல். மூன்று வயதை நெருங்கியும் ஜோயல் ஒரு வார்த்தை பேசவில்லை. காது நன்றாகக் கேட்கிறது என்று சோதித்துச் சொல்லிவிட்டார்கள். விமானப்படைத் தளத்துப் பயிற்சி விமானம் தலைக்கு மேல் போனால் காதைப் பொத்திக்கொள்வான். ஆனால் நான் பின்னால் நின்று கூப்பிட்டால் திரும்ப மாட்டான். தண்ணி என்று கேட்க மாட்டான், என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்க் குடத்தின் மேல் வைப்பான், ஏதோ அது என் கை இல்லை, ஒரு கரண்டி என்பதுபோல.

அவன் வாயிலிருந்து "அம்மா" வரவேண்டும் என்பதற்காக சிறுசேரி ஐ.டி. கம்பெனி வேலையை விட்டேன். வேலைக்குப் போனபோது "ஆயாகிட்ட விட்டா புள்ள எப்படிப் பேசும்" என்றார்கள். வீட்டில் இருந்தபோது "போனைக் குடுத்துக் குடுத்துக் கெடுத்துட்டா" என்றார்கள். நான் போன் கொடுத்தேனா என்றால் கொடுத்தேன், சோறு ஊட்டும்போது மட்டும். அதனால்தானோ என்று இன்றைக்கும் தெரியவில்லை.

வீட்டில் அடைந்து கிடந்த அந்த நாட்களில்தான் துணிப் படம் செய்ய ஆரம்பித்தேன். அரிசிச் சாக்கைப் பிரித்து விரித்து, அதன்மேல் பழைய துணிகளை வெட்டி ஒட்டித் தைப்பேன். சாமின் நைந்துபோன கம்பெனிச் சட்டை வானமாகும். முறிந்த குடையின் கறுப்புத் துணியில் மழையில் நனைந்த காகம் செய்தேன். அது நன்றாக வந்தது, நானே சொல்லிக்கொள்கிறேன், வேறு யாரும் சொல்லவில்லை. சாமுக்கு அது ஒரு வேடிக்கை.

"வீட்ல ஒரு சட்டை போட்டுட்டு நிம்மதியா உக்கார முடியலம்மா. இவ என்னைப் பாக்கல, சட்டையைப் பாக்குறா" என்பார் அத்தையிடம்.

அத்தை சிரிக்க மாட்டார். "குப்பையைத் தச்சு மாட்டுற நேரத்துல புள்ளகிட்ட நாலு வார்த்தை பேசலாம்" என்பார். பேசிக்கொண்டேதான் தைத்தேன். நாள் முழுக்க, பதில் வராத பேச்சு.

எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகைக்கு ஆளாளுக்குத் தங்கள் கை உழைப்பில் ஏதாவது கொண்டுவந்து படைப்பார்கள், ஆராதனை முடிந்ததும் அதையெல்லாம் ஏலம் விடுவார்கள். வாழைத்தார், முறுக்கு, கோழி, தையல் வேலை, எதுவானாலும். பெண்கள் ஐக்கியத்தில் என் பெயரைச் சொல்லி, பியூலா ஒரு பெரிய துணிப் படம் தருகிறாள் என்று அறிவித்தும்விட்டார்கள். இந்தமாதிரி அறிவித்த பிறகு அது நம்முடைய பொருள் இல்லை, காணிக்கை. மாற்ற முடியாது.

பெரிய படத்துக்குத் துணி போதவில்லை. அத்தையிடம் கேட்டேன். "பரண்ல ஒரு மூட்டை இருக்கு, எல்லாம் கந்தல்தான், எடுத்துக்கோ" என்றார். அன்றைக்கு அவருக்குத் தலைவலி, மூட்டையைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதில் மெல்லிய வாயில் ரகப் புடவை ஒன்று இருந்தது. பச்சையா நீலமா என்று சொல்ல முடியாத நிறம், துவைத்துத் துவைத்துப் பஞ்சுபோல் ஆனது. ஒரு முனை மட்டும் கயிறுமாதிரி முறுக்கிக்கொண்டு இறுகியிருந்தது, தண்ணீரில் ஊறவைத்து இஸ்திரி போட்டும் நிமிரவில்லை. தூளி கட்டிய புடவை என்று பார்த்ததுமே தெரிந்தது. அத்தையுடையதாக இருக்கும், சாமைப் போட்டு ஆட்டியதாக இருக்கும் என்று நினைத்தேன். அந்த முறுக்கு முனையை மட்டும் வெட்டி பிஸ்கட் டப்பாவில் பட்டன்களோடு போட்டுவிட்டு, மிச்சப் புடவையில் ஒரு பெண்ணைத் தைத்தேன். தரையில் ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி உட்கார்ந்திருக்கும் பெண். முகத்தில் கண் மூக்கு வைக்கவில்லை. எனக்கு முகம் வராது, எல்லாப் படத்திலும் வெறும் சாக்கையே விட்டுவிடுவேன்.

படம் பெரியது. பழைய திரைச்சீலைக் கம்பியில் கோத்து, சுருக்கம் போகட்டும் என்று ஹாலில் இருந்த தூளிக் கொக்கியில் தொங்கவிட்டேன்.

ஜோயல் அன்றிலிருந்து வேறு எங்கேயும் உட்காரவில்லை. விளையாட்டுச் சாமானைத் தூக்கிக்கொண்டுபோய் அதன் அடியில் வைத்துக்கொள்வான். அந்தப் பெண்ணின் நீட்டிய காலுக்கு நேராகத் தலையை வைத்துப் படுப்பான். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. என் வேலையை ரசிக்கும் ஒரே ஆள் என்று.

ஒருநாள் பகலில், பராமரிப்பு என்று மின்சாரத்தை நிறுத்தியிருந்தார்கள். தெருவில் கால்வாய் தோண்டிக்கொண்டிருந்ததால் தூசிக்கு பயந்து ஜன்னல்களையெல்லாம் நானே சாத்தியிருந்தேன். இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், பிறகு இதையேதான் திரும்பத் திரும்ப யோசித்துப் பார்த்தேன். காற்று இல்லை, ஃபேன் இல்லை. சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தபோது படம் ஆடிக்கொண்டிருந்தது. காற்றில் துணி படபடப்பதுபோல் இல்லை. தூளியை ஒரு தள்ளு தள்ளிவிட்டு, அது போய்த் திரும்பி வரும்வரை காத்திருந்து மறுபடி தள்ளுவார்களே, அதுபோல. ஜோயல்தான் இழுத்துவிட்டிருக்கிறான் என்று நினைத்தேன். அவன் எட்டாத தூரத்தில் படுத்திருந்தான், பாதிக் கண் மூடி. பகலில் தூங்கவைக்க நான் படாத பாடு படும் பிள்ளை.

அவன் உதடு அசைந்தது. பிறகு அவன் குரலைக் கேட்டேன். அழுகை தவிர வேறு எதுவும் கேட்டிராத குரல்.

"இன்னா நைனா" என்றான், மெதுவாக, யாரோ சொல்வதைத் திருப்பிச் சொல்கிறமாதிரி. "தூங்கு நைனா." கொஞ்சம் பொறுத்து, படத்தைப் பார்த்து, தெளிவாக, "அம்மா."

நான் அவனைத் தூக்க ஓடவில்லை. ஏன் ஓடவில்லை என்று இன்றுவரை என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஓடினால் அவன் நிறுத்திவிடுவானோ என்று பயந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அத்தை அறை வாசலில் நின்றிருந்தார், அவரும் கேட்டிருக்கிறார். கை ஃபேன் ஸ்விட்சைப் போட்டு அணைத்துப் போட்டு அணைத்துக்கொண்டிருந்தது. பிறகு வேகமாக வந்து படத்தின் கம்பியை இறுக்கிப் பிடித்து நிறுத்தினார். "வெறும் தூளியை ஆட்டக் கூடாது" என்றார். எந்த மூடநம்பிக்கையும் கிடையாது என்று சொல்லிக்கொள்ளும் அந்த வீட்டில் அந்த ஒன்றை மட்டும் அவர் விடாமல் வைத்திருந்தார்.

"இது தூளி இல்ல அத்தை. படம்."

"புடவை எங்க எடுத்த?"

"நீங்க சொன்ன மூட்டையிலதான். உங்களுது இல்லையா?"

அவர் தரையில் உட்கார்ந்தார். "கன்னியம்மாளுது" என்றார். "சாம் கைக்குழந்தையா இருந்தப்ப பாத்துக்க வந்தா. இந்தப் பக்கத்து ஊர்க்காரிதான். நைனா நைனான்னுதான் கூப்பிடுவா அவனை."

"நல்லா பாத்துக்கலையா?"

"நல்லாத்தான் பாத்துக்கிட்டா. அதான் தொல்லை." படத்தை நிமிர்ந்து பார்த்தார். "ஸ்கூல் விட்டு வந்து கையை நீட்டிக்கிட்டு நிக்கிறேன், என்னைத் தாண்டி அவகிட்டப் போறான். மொதமொதல்ல அம்மான்னு கூப்பிட்டது அவளைத்தான். மறுநாள்லேர்ந்து வராதன்னுட்டேன். தூளி அவ புடவைல கட்டினது. அதைக்கூட அவுத்துத் தரல."

"இப்ப எங்க இருக்காங்க?"

"யாருக்குத் தெரியும்" என்றார். பிறகு டீச்சர் குரல் திரும்பி வந்தது. "சாமுக்கு இதெல்லாம் தெரிய வேணாம். பண்டிகைக்குப் படம் போயிடணும்."

சமாதானங்களை நானே தேடினேன். கால்வாய் தோண்டுகிறவர்கள் அப்படித்தான் பேசுகிறார்கள், ஜன்னல் சாத்தியிருந்தாலும் கேட்டிருப்பான். காய்கறி வண்டிக்காரர் அவனை நைனா என்று கூப்பிட்டிருக்கலாம். போனில் ஏதாவது வந்திருக்கலாம். எல்லாம் நடக்கக்கூடியதுதான். ஆனால் நான் நாள் முழுக்கப் பேசியதில் ஒன்றைக்கூட எடுத்துக்கொள்ளாதவன் அதை மட்டும் எப்படி எடுத்துக்கொண்டான் என்பதற்குத்தான் எதுவும் கிடைக்கவில்லை.

படத்தை வைத்துக்கொள்வோம் என்று நான் சொல்லியிருக்கலாம். பிள்ளை பேசுகிறானே, காணிக்கையாவது மண்ணாவது என்று. சொல்லவில்லை. பயம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அவன் அதைப் பார்த்து அம்மா என்றதை நான் தினமும் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. அன்றைக்கு அத்தையை எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை, ஏனென்றால் அவரை நன்றாகப் புரிந்துவிட்டது.

பண்டிகை அன்று ஜோயலை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் இருந்தேன். படம் நல்ல போட்டியில் ஏலம் போனது. விருந்தாளியாக வந்திருந்த யாரோ எடுத்தார்கள், கோவளம் பக்கம் வீடு என்று பிறகு சொன்னார்கள். இரண்டு பேர் கம்பியைப் பிடித்து எங்கள் வரிசையைக் கடந்து தூக்கிக்கொண்டு போனபோது ஜோயல் என் மடியிலிருந்து சறுக்கி இறங்கினான்.

"அம்மா" என்றான், சபை முழுக்கக் கேட்க. "அம்மா, போவாத."

ஏலம் விடுபவர் பாதியில் நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். பிறகு பின்வரிசையில் ஒருவர் "ஸ்தோத்திரம்" என்றார், அதன்பின் எல்லாரும். பேசாத பிள்ளை பேசிவிட்டான். பெண்கள் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். "அம்மான்னு கூப்பிட்டுட்டான்மா உன்னை" என்று ஒரு அக்கா என் முகத்தைத் துடைத்துவிட்டார். ஷிப்ட் முடித்து நேராக வந்திருந்த சாம் எல்லார் முன்னாலும் விம்மினார். ஆயர் என்னை மேலே கூப்பிட்டு மைக்கைக் கொடுத்தார். பிள்ளையின் வாயைக் கர்த்தர் திறந்தார் என்று சொன்னேன். அவன் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு கூப்பிட்டான் என்பது எனக்குத் தெரியும். கீழே, தலையைக் குனிந்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டிருந்த அத்தைக்கும் தெரியும்.

அதன்பிறகு ஜோயலிடமிருந்து ஒரு சத்தம் இல்லை. பேச்சுப் பயிற்சி தரும் மேடம், "சில பசங்க ஒரு அடி முன்ன வெச்சு ரெண்டு அடி பின்ன போவாங்க, பயப்படாதீங்க" என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாரும் அவன் கன்னத்தைப் பிடித்து "எங்க, அம்மா சொல்லு" என்றார்கள். அவன் சொல்லவில்லை. வீட்டில் அந்தக் கொக்கியின் கீழே போய் உட்கார்ந்து, மேலே பார்த்துக்கொண்டிருப்பான். ஒரு மழைக்காலம் முழுக்க அப்படிப் போனது.

ஒருநாள் நைட்டியில் பட்டன் தைக்க பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன். புடவையின் முறுக்கு முனை கிடந்தது. யோசித்துத்தான் செய்தேன் என்றோ யோசிக்காமல் செய்தேன் என்றோ சொல்ல முடியவில்லை. அதைப் போட்டிருந்த உடையின் கழுத்துக்கு உள்பக்கம், வெளியே தெரியாதபடி ஒரு ஊக்கில் குத்திக்கொண்டேன். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து வந்து என் காலைக் கட்டிக்கொண்டான்.

"அம்மா" என்றான்.

இப்போது ஜோயல் பள்ளிக்கூடம் போகிறான். நிறையப் பேசுகிறான், வகுப்பில் வாயை மூடமாட்டேன் என்கிறான் என்று புகார் வருகிறது. பேச்சு மட்டும் கொஞ்சம் தெருப்பேச்சாக இருக்கிறது, அதற்கும் என்னைத்தான் சொல்கிறார்கள். நான் எந்த உடை மாற்றினாலும் அந்தத் துண்டை எடுத்து மாற்றிக் குத்திக்கொள்கிறேன். சாமுக்குத் தெரியாது. அத்தைக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன், சில நேரம் என் கழுத்தைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். இருவரும் அதைப்பற்றிப் பேசியதில்லை.

போன மாதம் தலைக்குக் குளித்துவிட்டு அவசரத்தில் அதைக் கட்டிலிலேயே விட்டுவிட்டு ஹாலுக்கு வந்தேன். ஜோயல் வரைந்துகொண்டிருந்தான். நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அடம் இல்லை, கோபம் இல்லை, பயமும் இல்லை. வீட்டுக்கு வந்த ஒருவரிடம் மரியாதையாகக் கேட்பதுபோலக் கேட்டான்.

"ஆன்ட்டி, எங்கம்மா எங்க கீது?"

உள்ளே போய் ஊக்கைக் குத்திக்கொண்டு திரும்பி வந்தேன். "இங்கதான் இருக்கேன்" என்றேன். ஓடி வந்து ஒட்டிக்கொண்டான். அவன் தலையைத் தடவிக்கொண்டே துண்டைத் தொட்டுப் பார்த்தேன். ஓரமெல்லாம் நூல் நூலாக உதிர்கிறது. கொஞ்ச நாளாக நான் அதைத் துவைப்பதில்லை.