இடுப்பா, முழங்காலா?

தரைக்கு டைல்ஸ் பதிப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. மூலையில் நெல்லளவு ஏற்றம் இருந்தாலும் கண்ணாலேயே கண்டுபிடித்துவிடுவார். அதனால் சமன் பார்க்கும் கருவியின் பெயரே அவருக்குப் பட்டப்பெயராகிவிட்டது: ரசமட்டம். பெற்றவர்கள் வைத்த பெயர் வங்கிப் புத்தகத்தில் மட்டும் இருந்தது.

முப்பது வருஷம் குந்தியே வேலை பார்த்த உடம்பு ஐம்பத்திரண்டாம் வயதில் மக்கர் பண்ணியது. இடுப்பிலிருந்து கால் கட்டைவிரல் வரை மின்னல் வெட்டுகிற மாதிரி வலி. பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு மாதம் ஓட்டினார். ஒரு நாள் காலையில் பார்த்தால் வலி போன இடம் தெரியவில்லை. மனுஷனுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

நாலு நாள்கூட அது நிலைக்கவில்லை. இடது பாதம் மேலே எழும்ப மறுத்தது.

"என்னங்க, ஒத்தச் செருப்பு மட்டும் ஏன் டப்பு டப்புன்னு அடிக்குது?" என்றாள் மனைவி.

"தேஞ்சிருச்சு போல," என்று மழுப்பினார்.

மனைவியின் தம்பிதான் அவருக்குக் கூட்டாளி. மூன்றாவது மாடிக்கு டைல்ஸ் பெட்டியைத் தூக்கிப் போகும்போது ரசமட்டம் தடுக்கி விழுந்தார். பெட்டி முழுக்க நொறுங்கிப்போனது.

"கால் வலிக்குதா மாமா?"

"வலியே இல்ல மாப்ள."

"வலியில்லன்னா அப்புறம் என்ன? பாரம் தூக்கணும்னா மட்டும் கால் வராதோ?"

அந்தச் சொல் சுருக்கென்று தைத்தது. ஒரு நாள்கூட வேலைக்கு டிமிக்கி கொடுத்தவரில்லை அவர். வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, 'எந்திரி, எந்திரி' என்று பாதத்தைப் பார்த்துக் கெஞ்சினார். அது அசையவில்லை. உள்ளுக்குள் தனக்கே வேலை கசந்துவிட்டதோ என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

ஸ்கேனில், இடுப்புப் பக்க முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க் ஒன்று பிதுங்கியிருந்தது. எலும்பு டாக்டர் அதை அப்படியே நம்பவில்லை.

"இந்த வயசுல நெறைய பேருக்கு இப்படி இருக்கும். நீங்க குந்தியே வேலை பாக்குறவரு. முழங்கால் பக்கம் நரம்பு அமுங்கினாலும் பாதம் இப்படித்தான் தொங்கும். நரம்புப் பரிசோதனை பண்ணினா தெரிஞ்சிடும்."

அக்காளின் நச்சரிப்பு தாங்காமல் தம்பி துணைக்கு வந்தான். பரிசோதித்த டாக்டரம்மா முதலில் காலில் பசை தடவி, சின்னச் சின்ன ஷாக் கொடுத்தார். பாதம் லேசாகத் துள்ளியது.

"நான் கெஞ்சினப்ப வராதது இதுக்கு வருது பாருங்க!" என்றார் ரசமட்டம்.

டாக்டரம்மா சிரித்தார். "முழங்கால் பக்கத்துல தடங்கல் எதுவும் இல்ல. அடுத்து ஊசி. காலைத் தளர்வா விடுங்க."

மெல்லிய ஊசி முழங்காலுக்குக் கீழே முன்பக்கத் தசையில் இறங்கியதும், தகரக் கூரையில் மழை விழுவது போல இயந்திரம் சடசடத்தது.

"தளர்வாத்தான் விட்டிருக்கேன்," என்றார் பதறி.

"தெரியும். நல்ல தசை சும்மா இருக்கும்போது சத்தமே வராது. நரம்புத் தொடர்பு விட்டுப்போன தசை இப்படித் தானா அனத்தும்."

அடுத்துப் பிட்டத்தில் ஊசி, பிறகு முதுகெலும்பின் ஓரத்தில். இரண்டு இடத்திலும் அதே சடசடப்பு.

"இந்த ரெண்டு இடத்துத் தசைக்கும் வர்ற நரம்பு முழங்கால் பக்கமே போறதில்ல. அதனால கோளாறு இடுப்புலதான். வலி போனது குணமாகி இல்லீங்க, நரம்பு ஓய்ஞ்சு போயிருக்கு."

ரசமட்டம் ஓரமாக நின்ற மச்சினனை ஒரு பார்வை பார்த்தார். "டாக்டரம்மா, இந்தச் சத்தத்தை நடிச்சு வரவைக்க முடியுமா?"

"யாராலயும் முடியாது."

மச்சினன் பக்கத்தில் வந்தான். துணியை எடுத்து, மாமாவின் காலில் ஒட்டியிருந்த பசையைத் துடைத்துவிட ஆரம்பித்தான்.

அடுத்த வாரமே அறுவை சிகிச்சை நடந்தது. பாதம் எழும்ப ஒன்பது மாதம் பிடித்தது. கட்டைவிரல் மட்டும் முழுசாகத் திரும்பவில்லை. இப்போது அவர் நின்றபடி சுவருக்கு மட்டும் டைல்ஸ் பதிக்கிறார். தரை மச்சினன் பொறுப்பு.

போன மாதம் கலவை குழைக்கும் பெண் தோள்பட்டை வலிக்கிறது, முடியவில்லை என்றாள். வெளியில் ஒன்றும் தெரியவில்லை. ரசமட்டம் ஒரு கேள்வியும் கேட்காமல் அவளை உட்காரச் சொன்னார்.

"எப்படி மாமா எல்லாரையும் உடனே நம்புறீங்க?"

"என்னை நானே நம்புறதுக்கு ஒரு மெஷின் தேவைப்பட்டுச்சே, மாப்ள," என்றபடி அவளுடைய மண்வெட்டியை அவன் கையில் கொடுத்தார்.