துவக்கில் இருந்த பொட்டு

இத்தாலியில் கால்சா என்ற பகுதியில் ஒரு கிழவர் வீட்டுத் துவக்கில், குண்டு போடும் இடத்து இரும்பில் ஒரு பூ வெட்டியிருந்தது. அதன் இதழ்களுக்குள் கொஞ்சம் சிவப்பு. அண்ணன் செத்த பிறகுதான் அதை முதன்முதலாகப் பார்த்தேன். அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

அண்ணன் அந்த வீட்டில் வேலை செய்தவர். கிழவர் சேர்த்து வைத்திருந்த பழைய துவக்குகளைத் துடைத்து எண்ணெய் பூசுவார். அவற்றில் ஒரு ஜப்பான் துவக்கில்தான் அண்ணனுக்கு உயிர். வீட்டுக்கு வந்தாலும் அதன் கதைதான். இரண்டாம் உலக யுத்தம் முடியப்போகிற காலத்தில் செய்ததாம். தோளில் அண்டக் கொடுக்கும் சோங்கின் அடியில் இரும்புத் தகட்டுக்குப் பதிலாகப் பலகைத் துண்டை ஆணி வைத்து அடித்திருக்கிறார்களாம். அரம் ஓடிய கீறல்கூட அப்படியே கிடக்கிறதாம். நான் புதுச் சட்டை போட்டு முன்னால் நின்றால் கண்டுகொள்ள மாட்டார். அதன் கீறல் ஒவ்வொன்றும் அவருக்குத் தெரியும்.

"அது பாவமடி. தோக்கப்போற நேரத்தில அவசர அவசரமாச் செய்தது" என்பார்.

சரஸ்வதி பூசையன்று ஒரேத்தோவில் இருந்த எங்கள் வீட்டில் என் தையல் கத்தரிக்கோலைப் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுக் காத்திருந்தேன். அப்பா இல்லாத வீட்டில் அண்ணன்தான் பொட்டு வைக்க வேண்டும். அவர் வந்தபோது அவல் காய்ந்துவிட்டது. விரலில் குங்குமம்.

"எங்கை வைச்சனீங்கள்?"

"அங்கைதான். அந்த ஜப்பான்காரனுக்கு."

"ஊரில துவக்குக்குப் பயந்து ஓடிவந்து, இஞ்சை துவக்குக்குப் பொட்டு வைக்கிறியளோ?"

"எடியே, நான் தொழில் செய்யிற சாமானுக்கு வைக்காமல் வேற எதுக்கு வைக்கிறது? உனக்குப் பொறாமையடி."

ஓம், பொறாமைதான். கோபத்தில் கத்தரிக்கோலை எடுத்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டேன். சில நாட்களில் மொண்டெல்லோ வீதியில் அண்ணன் மோட்டார்சைக்கிளோடு விழுந்து செத்துப்போனார்.

கிழவர் அண்ணனுடைய வேலைக்கு என்னைக் கூப்பிட்டார். துவக்குகளை விற்கப்போவதாகச் சொல்லி ஒரு வியாபாரியையும் வரவழைத்தார். வியாபாரி ஜப்பான் துவக்கைத் தூக்கி, ஆணி அடித்த பலகையைப் பார்த்துத் தலையாட்டினார். பூவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. சரணடைந்தவர்கள் கொடுத்த துவக்குகளில் ஜப்பான் அரசருடைய இந்தப் பூவை அராவி அழித்துவிடுவார்களாம். அழியாத பூவுக்குத்தான் மதிப்பாம். பிறகு கண்ணாடியைப் போட்டுக் குனிந்தார்.

"துரு அரித்திருக்கிறது. பாதி விலைதான்" என்றார்.

அண்ணனின் விரல் பட்டதைத் துரு என்கிறாரே என்று எனக்குப் பொறுக்கவில்லை. "துரு இல்லை, சின்யோரே. என் அண்ணன் வைத்த பொட்டு" என்று இத்தாலியனில் சொல்லிவிட்டேன்.

அவர் சிரித்தபடி எண்ணெய்த் துணியால் ஒரே இழுப்பில் துடைத்தார். பூ பளிச்சென்று வந்தது. முழு விலை சொன்னார். நான் துணியைக் கேட்டேன். அதிசயமாகப் பார்த்துவிட்டுத் தந்தார்.

இந்த வருடப் பூசைக்குக் குங்குமம் ஒட்டிய அந்தத் துணியை விரித்து அதன்மேல் கத்தரிக்கோலை வைத்தேன். பொட்டு வைக்கவில்லை. அம்மா வைக்க வந்தபோதும் விடவில்லை. அந்தத் துவக்கு இப்போது எவர் வீட்டுச் சுவரிலோ தொங்கும். பூவில் சிவப்பு இராது. இருந்தாலும் அண்ணன் கடைசியாகப் பொட்டு வைத்தது அதற்குத்தான்.