ஏலக்காய்ச் சூட்டில் வார்னிஷ்

போடியில் மகன் கட்டும் வீட்டின் மரத்தரைக்கு நேற்று வார்னிஷ் பூசினார்கள். அந்த வாடை முகத்தில் அடித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது.

எழுபத்தெட்டாம் வருடம், ஆடிச் சாரல். என் அம்மா வேலை பார்த்த ஏலத்தோட்டத்தின் பங்களாவில் மரத்தரையை இழைத்துப் புதிதாக வார்னிஷ் பூசியிருந்தார்கள். முதலாளி வரும் நாள் நெருங்கியும் அது காயவில்லை. காற்றோட்டம் வேண்டும் என்றார் ஆசாரி. மேனேஜருக்குத் தெரிந்ததெல்லாம் ஏலக்காயை மூடிய அறையில் நெருப்பு மூட்டத்தில் உலர்த்துவதுதான். ஜன்னல்களைச் சாத்திவிட்டு, கூடத்தின் நடுவே கரிநெருப்புச் சட்டியை வைக்கும்படி அம்மாவை ஏவினார். சூட்டில் மேல்தோல் மட்டும் இறுகியது. அடியில் பிசின் அப்படியே இருந்தது. கரி மாற்றி மறுபடி சட்டியோடு போன அம்மாவின் பாதம் ஓரிடத்தில் அதில் பதிந்துவிட்டது.

முதலாளி வரும் காலையில் அந்தத் தடத்தைக் கண்ட மேனேஜர், தான் ஏவியதை மறைத்து, யாரோ உள்ளே நுழைந்துவிட்டதாகச் சத்தம் போட்டார். தொழிலாளர் குடியிருப்பான லயத்துப் பெண்களை வரிசையாக நிறுத்தி, தடத்தை அளந்த ஈர்க்குச்சியை ஒவ்வொருத்தி பாதத்திலும் வைத்துப் பார்த்தார். திருடிகளைப் போலக் காலை நீட்டிக்கொண்டு நின்றார்கள்.

அம்மா முன்னால் வந்தாள். "எதுக்குங்கய்யா எல்லாரு காலையும் அளக்குறீக? சட்டிய வெரசா கொண்டாந்து வையின்னு நீங்கதான சொன்னீக? அது என் காலுதான்."

"அப்ப இன்னைக்கே ஜீப்புல மலைய விட்டு எறங்கிரு. இனி ஒனக்கு இங்க சோலி இல்ல."

கீழ் வளைவில் முதலாளியின் கார் ஹாரன் கேட்டது. அம்மா கூடத்துக்குள் போய், இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை நிதானமாக நடந்தாள். அடிக்கு அடி வார்னிஷ் தோலாக உரிந்து வந்தது.

"இப்ப அளங்கய்யா" என்றாள்.