அத்தை பெயரில் ஐந்து நட்சத்திரம்

வலைத்தளம் அமைத்துக் கொடுக்கும் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்குப் புத்தி சொல்ல இணையத்தில் வீடியோக்கள் கொட்டிக் கிடக்கின்றன. எல்லாம் ஒரே பாட்டுத்தான்: முதல் வாடிக்கையாளரைத் தெரிந்தவர்களிடையே தேடு. அப்படிச் சொன்ன மகராசன் எவனும் டோங்காவில் பிறந்தவனில்லை. எங்கள் தலைநகர் நுகுஅலோஃபாவில் தெரிந்தவர் என்றால் சொந்தக்காரர் என்று அர்த்தம். சொந்தக்காரரிடம் கூலி கேட்டவள் அப்புறம் எந்த வீட்டுச் சாவுக்கும் கல்யாணத்துக்கும் தலை காட்ட முடியாது.

அகோசிதா அதனால் ஓசியில் உழைத்தாள். சித்தப்பா மகனின் திமிங்கிலம் காட்டும் படகுக்கு ஒரு தளம், தேவாலயப் பாடகர் குழுவுக்கு ஒன்று, ரக்பி கிளப்புக்கு ஒன்று. ரக்பிக்காரர்களுக்கு மட்டும் மனசு உறுத்தி ஒரு பன்றியை அனுப்பினார்கள். ஆக்லாந்தில் தங்கிப் படித்த படிப்புக்கு அவள் பார்த்த முதல் சம்பளம் அதுதான். அதை நிலத்தடி அடுப்பில் சுட்டபோது வாசனை பிடித்துக்கொண்டு கிளப் மொத்தமும் வந்து தின்றுவிட்டுப் போனது.

இந்தத் தளங்களையெல்லாம் மாதிரியாகப் போட்டு, உலகத்து ஆட்கள் வேலைக்குப் போட்டி போடும் அந்தப் பெரிய இணையச் சந்தையில் கணக்குத் தொடங்கினாள். விண்ணப்பம் மேல் விண்ணப்பமாக எழுதினாள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அங்கே பெயருக்குக் கீழே வாடிக்கையாளர் போட்ட நட்சத்திரம் இருந்தால்தான் வேலை தருவார்கள். நட்சத்திரமோ வேலை செய்த பிறகுதான் விழும். முதல் ஆள் எவன் வந்து தலையில் கைவைத்து ஆசீர்வதிப்பான் என்று காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

கிறிஸ்துமஸுக்குள் ஒரு நல்ல நட்சத்திரமாவது விழாவிட்டால், தம்பிமாரோடு ஆஸ்திரேலியாவுக்குப் பழம் பறிக்கப் போகிறேன் என்று அப்பாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். அவளுக்குப் பழம் பறிப்பது கேவலமில்லை. ஆனால் தன் பெயரைச் சொல்லி ஒருவன் தேடி வரவேண்டும் என்ற ஆசை எலும்பு வரை ஊறியிருந்தது.

அந்த ஆள் கடைசியில் வந்தான். அமெரிக்காவின் அரிசோனாவில் நாய்களுக்கு மெத்தை விற்கும் டாரில். சின்ன வேலைதான். அகோசிதா அதைக் கல்யாணச் சீர் போல இழைத்து இழைத்துச் செய்தாள். அவனுக்கும் திருப்தி. "சனிக்கிழமை மத்தியானம் கடையைத் திறக்கிறேன், அந்த நேரம் கூடவே இருப்பீர்கள்தானே?" என்று எழுதிக் கேட்டான்.

அவனுடைய சனி மத்தியானம் எங்களுக்கு ஞாயிறு காலை. எங்கள் ஞாயிற்றுக்கிழமையில் விமானம்கூட இறங்காது. கடை திறந்தால் போலீஸ் வரும். இதை அவனிடம் ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். நாங்கள் சொல்ல மாட்டோம். கேட்கிறவன் முகம் வாடும்படி மறுத்துப் பேசுவது எங்கள் வளர்ப்பில் இல்லை. தலையாட்டி வைப்போம், மிச்சத்தைக் கடவுள் பார்த்துக்கொள்ளட்டும் என்று விடுவோம். அகோசிதாவும் 'கண்டிப்பாக' என்று தட்டி அனுப்பினாள். எல்லாவற்றையும் முன்கூட்டியே சோதித்தாயிற்று, என்ன ஆகிவிடப்போகிறது என்று நினைத்தாள்.

ஞாயிறு காலை, தேவாலயத்துக்கு எங்கள் ஊரில் மரியாதைக்காக உடைமேல் இடுப்பில் கட்டிப் போகும் பாய்க்குள் போனைச் செருகிக்கொண்டு பாடகர் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பிரசங்கத்தின் நடுவே அது அதிர்ந்தது. மெல்ல எடுத்துப் பார்த்தாள். 'பணம் கட்டும் பொத்தான் வேலை செய்யவில்லை. எங்கே இருக்கிறீர்கள்?' பார்த்தவுடனே கோளாறு புரிந்துவிட்டது. ஒரே ஒரு வரி மாற்றினால் போதும். எழுந்து வெளியே போகலாமா என்று பாதி நிமிர்ந்தாள்.

பக்கத்திலிருந்து ஒரு கை நீண்டது. கலோலைனே அத்தை.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. எங்கள் குடும்பங்களில் அப்பா பெயருக்குத்தான் தலைவர்; அவர் தலைக்கு மேலே அவருடைய அக்கா உட்கார்ந்திருப்பாள். அவள் கை நீட்டினால் கொடுத்துவிட வேண்டியதுதான். பாயானாலும் பன்றியானாலும் பெற்ற பிள்ளையே ஆனாலும் ஏன் என்று கேட்க வாய் கிடையாது.

அகோசிதா போனைக் கொடுத்தாள். அது அத்தையின் கூடைக்குள் போனது. கூடை அத்தை வீட்டு விருந்துக்குப் போனது, அத்தையின் பகல் தூக்கத்துக்குத் துணையாகத் தலைமாட்டில் இருந்தது, மறுபடி மாலை ஆராதனைக்கும் வந்தது.

திங்கட்கிழமைதான் திரும்பக் கிடைத்தது. டாரில் வேறு ஆளை வைத்துச் சரிசெய்துகொண்டு, ஐந்துக்கு ஒரே ஒரு நட்சத்திரம் போட்டிருந்தான். 'கெட்டிக்காரிதான். ஆனால் அவசரத்துக்கு ஆளைக் காணோம்.'

"என்னடி கோசி, மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?" அத்தை கிழங்கை உரித்தபடி கேட்டாள்.

"போனக் குடுத்திருந்தா பத்து நிமிஷ வேலை, அத்தை. இப்ப என் பேரு போச்சு. இனிமே எவன் எனக்கு வேலை குடுப்பான்?"

"கர்த்தரோட நாளுடி அது. ஒரு நாளு மெத்தை இல்லாட்டி என்ன, நாயி நின்னுக்கிட்டா தூங்கும்?"

அகோசிதாவின் அப்பா தன் கால் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா முன்னால் அவர் வாய் திறந்து ஊரில் யாரும் பார்த்ததில்லை.

"புதுசா ஒரு கணக்கு ஆரம்பிச்சுத் தொலையேன்," என்றாள் அத்தை.

"பாஸ்போர்ட் கேக்குறாங்க அத்தை. ஒரு ஆளுக்கு ஒரு கணக்குத்தான்."

அத்தை கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள். ஆக்லாந்தில் இருக்கும் மகனைப் பார்க்க எடுத்து வைத்திருந்த தன் பாஸ்போர்ட்டோடு திரும்பி வந்து, அகோசிதாவின் மடியில் போட்டாள். "என் பேர வச்சுக்கோ, போ."

அத்தை ஸ்தானத்தில் இருப்பவள் மன்னிப்புக் கேட்பதில்லை. இதுதான் மன்னிப்பு என்று அகோசிதாவுக்கும் புரிந்தது, கண் கலங்கிவிட்டது. பாவி மகள், பொய்க்கணக்கு என்று தெரிந்தும் சந்தோஷமாகத் தொடங்கினாள்.

ஞாயிற்றுத் தொப்பி போட்ட அத்தையின் படம் ஏறியது. அந்த முகத்தைப் பார்த்தால் யாருக்கு நம்பிக்கை வராது? ஓரிகானில் தேன் விற்கும் ஒருத்தி ஒரு மாதத்துக்குள் வேலை கொடுத்தாள். பாஸ்போர்ட் யாருடையதோ அவருடைய வங்கிக்குத்தான் கூலி போகும் என்பது சந்தையின் சட்டம். அத்தை மனசு வந்தபோது கொடுத்தாள். வராதபோது கேட்க முடியுமா? பெண்கள் கூட்டத்தில் "என் கம்பெனி" என்று பேச ஆரம்பித்தாள். வாடிக்கையாளர் செய்தி தன் போனுக்கே வரும்படி செய்யச் சொன்னாள். அகோசிதா செய்து கொடுத்தாள்.

தேன்காரி கடை திறந்ததும் ஒரு சனிக்கிழமையில்தான். அதே பாடகர் வரிசை, அதே பிரசங்கியார். இந்தத் தடவை அதிர்ந்தது அத்தையின் கூடை. அத்தை மூக்குக்கண்ணாடியை மாட்டிப் பார்த்தாள். முகம் மாறியது. போனை அகோசிதாவின் மடியில் திணித்தாள்.

"சீக்கிரம் வெளிய போய்ப் பாத்துட்டு வா."

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமை, அத்தை."

"அவளுக்குச் சனிக்கிழமைடி. ஓடு. என் பேரு கெட்டுடப்போவுது!"

அத்தை சொன்னால் மறுப்பேது. தேவாலயத்துக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி நிழலில் குந்தி உட்கார்ந்து அகோசிதா சரிசெய்தாள். உள்ளே அவளுடைய குரல் இல்லாமலே பாட்டு நடந்துகொண்டிருந்தது. இதை எழுதும்போது எனக்கே வயிறு எரிகிறது, அவளுக்கு எப்படி இருந்திருக்கும்!

மத்தியானம் விருந்தில் எல்லாரும் பாயில் உட்கார்ந்து, தேங்காய்ப் பாலில் வெந்த இலை மடிப்பைப் பிரித்துக்கொண்டிருந்தபோது மறுபடி போன் அதிர்ந்தது. அத்தை எண்ணெய்க் கையோடு இருந்தாள்.

"என்னான்னு பாருடி."

"அஞ்சு நட்சத்திரம் குடுத்திருக்காங்க, அத்தை."

"படி."

"'திருமதி கலோலைனே மிகத் திறமையானவர். விடுமுறை நாளிலும் கூப்பிட்டவுடன் ஓடி வருகிறார். இவரை நம்பி எதையும் ஒப்படைக்கலாம்.'"

பாயைச் சுற்றி எல்லாரும் கைதட்டினார்கள். அப்பாவும் தட்டினார். அத்தை வெட்கப்பட்டுச் சிரித்தாள், உண்மையாகவே வெட்கப்பட்டாள்.

"கடைசியில உக்காந்திருக்கறவங்களுக்குக் கேக்கல. இன்னொரு வாட்டி படி கோசி, சத்தமா."

அகோசிதா முதல் வரியிலிருந்து, பெயரோடு சேர்த்து, சத்தமாகப் படித்தாள்.