டிபன் கடைப் படத்தின் முடிவு

எங்கள் தெருவில் யாரும் எந்தப் படத்தையும் கடைசிவரை பார்த்ததில்லை. பார்க்கக் கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் டிவியில் படம் தொடங்கும். அது விளம்பரங்களுக்கெல்லாம் வழிவிட்டு மெதுவாக நகர்ந்து, கதாநாயகனுக்கு உண்மை தெரியவரும் நேரமாகப் பார்த்துத் தண்ணீர் லாரி வந்துவிடும். சேலையூர் தாண்டி உள்ளே தள்ளி இருந்த எங்கள் நகரில் போர்வெல் தண்ணீர் மஞ்சளாக வரும். துணி துவைக்கலாம், வாயில் வைக்க முடியாது. குடிக்கிற தண்ணீர் லாரியில்தான். தெருமுனையில் ஹாரன் கேட்டால், கதாநாயகி கிணற்றில் குதிக்கப் போனாலும் சரி, அவளை அப்படியே விட்டுவிட்டுக் குடத்தோடு ஓட வேண்டும். திரும்பி வரும்போது செய்தி ஓடிக்கொண்டிருக்கும். இப்போதெல்லாம் படத்தை நிறுத்தி வைத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போக முடியும். ஆனால் இப்போது தண்ணீர் கேனில் வீட்டுக்கே வந்துவிடுகிறது.

இந்தக் குறையைத் தீர்க்க வந்தவர் என் மாமா, அம்மாவின் தம்பி. வேலை தேடி ஊரிலிருந்து வந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். மேற்குத் தாம்பரத்தில் ஒரு எலக்ட்ரிகல் கடையில் வேலை, ஞாயிறு விடுமுறை. ஊரில் இருந்தபோது ஒரு தியேட்டர் கேன்டீனில் இருந்தாராம். இடைவேளைவரை முறுக்கு, சமோசா அடுக்குகிற வேலை, இடைவேளை முடிந்தால் வேலையும் முடிந்தது. அப்புறம் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளலாம். ஆக, மாமா ஏராளமான படங்களின் பின்பாதியை மட்டும் பார்த்தவர். எங்கள் தெரு ஏராளமான படங்களின் முன்பாதியை மட்டும் பார்த்தது. இரண்டும் சேர்ந்ததில் தெருவுக்கு ஒரு வழி பிறந்தது.

லாரிக்காரர் ஹோஸை மாமாவிடம் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். மாமா வரிசையாகக் குடங்களை நிரப்பிக்கொண்டே அன்றைய படத்தின் முடிவைச் சொல்வார். நல்ல கட்டத்தில் அவரே சொக்கிப்போய் நிற்க, குடம் நிரம்பி வழியும். பெண்கள் கூச்சல் போடுவார்கள். ஆனால் கதையை நிறுத்தச் சொல்ல மாட்டார்கள்.

நாளடைவில் எந்தப் படத்தைப் பார்ப்பது என்பதையும் மாமாதான் சொல்ல வேண்டும் என்று ஆகிவிட்டது. ஞாயிறு மதியம் சேனலுக்கு ஒரு படம் ஓடும். சனிக்கிழமை சாயங்காலம் எதிர்வீட்டு அக்கா எங்கள் வாசல் கேட்டுக்கு அந்தப் பக்கமிருந்தே கேட்பார். அனகாபுத்தூரில் பிறந்து வளர்ந்தவர், மெதுவாகப் பேசத் தெரியாது.

“தம்பி, நாளைக்கு இன்னா படம் பாக்கலாம்? எதுனா நல்லதா கீதா?”

மாமாவிடம் மூன்றே தரங்கள்தான். “அதுக்குக் கீரை ஆய்ஞ்சிக்கிட்டே பாக்கலாம்க்கா” என்றால் சுமாரான படம். “கீரைய கீழ வெச்சிடணும்” என்றால் நல்ல படம். மூன்றாவது, “அன்னிக்கு டிவியே போடாதீங்க, கீரைய மட்டும் ஆயுங்க.” இன்றைக்கு வாரா வாரம் எத்தனையோ பேர் நட்சத்திரம் போட்டுப் படம் சிபாரிசு செய்கிறார்கள். கீரை அளவுக்கு எதுவும் எனக்குத் தெளிவாகப் புரிந்ததில்லை.

எங்கள் வீட்டு மாடியில் டீச்சர் குடும்பம் இருந்தது. டீச்சர் ஒரு பள்ளியில் கணக்கு எடுத்தார். அவர் கணவருக்கு டிவி ஆகாது, வீட்டில் வாங்கவே இல்லை. அதனால் டீச்சர் காலையில் சர்ச்சுக்குப் போய்வந்து, மதியம் சாப்பிட்டுவிட்டு, விடைத்தாள் கட்டோடு எங்கள் ஹாலுக்கு வந்துவிடுவார். அவருக்குக் கீரை கிடையாது, விடைத்தாள்தான். தப்பு எங்கே இருந்தாலும் அவர் கண்ணில் பட்டுவிடும். எங்கள் வீட்டுக் காலண்டரில் பால் கணக்கை அம்மா தப்பாகக் கூட்டியிருந்ததைக்கூட ஒருநாள் சிவப்புப் பேனாவால் திருத்திவிட்டுப் போனார்.

அவர்களுக்கு ஒரே மகன். நான் அண்ணா என்று கூப்பிடுவேன். கழன்று கழன்று விழும் என் சைக்கிள் செயினை அலுத்துக்கொள்ளாமல் மாட்டிக் கொடுப்பவர். காலேஜில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தவர், அப்பாவோடு பெரிய சண்டை போட்டுவிட்டு ஒருநாள் காலையில் கிளம்பிப் போனார். திரும்பி வரவில்லை. தாம்பரம் ஸ்டேஷனில் பார்த்ததாக ஒருவர் சொன்னார். கோவளம் பஸ்ஸில் பார்த்ததாக இன்னொருவர் சொன்னார். தேடாத இடமில்லை. சில வருடங்கள் கழித்து டீச்சர் வீட்டைக் காலி செய்துகொண்டு போகும்வரை அவர் வரவில்லை. அதன் பிறகு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது.

அண்ணா போன சில வாரங்களில் டிவியில் ஒரு படம் போட்டார்கள். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இட்லிக் கடை நடத்தும் ஒரு அம்மா. கோபித்துக்கொண்டு பஸ் ஏறிப் போய்விடும் மகன். போகிற வருகிற டிரைவர்களிடமெல்லாம் அவனைப் பார்த்தீர்களா என்று அந்த அம்மா விசாரித்துக்கொண்டிருப்பாள். எங்கள் தெருவில் அதற்கு டிபன் கடைப் படம் என்று பெயர். டிவியே போடாதீங்க என்று மாமா சனிக்கிழமையே சொல்லியிருந்தார். கீரை இல்லாத வீடுகளில் அதை யார் கேட்பது? எல்லோரும் பார்த்தார்கள். டீச்சரும் பார்த்தார். விடைத்தாள் கட்டைப் பிரிக்கவில்லை.

லாரி வந்தது. எப்போதும் லாரி அருகே பேசாமல் நிற்கிற டீச்சர் அன்று வாயைத் திறந்தார்.

“தம்பி, அந்தப் பையன் வந்தானா?”

சளசளவென்று பேசிக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் டீச்சரைத் திரும்பிப் பார்த்தார்கள். மாமாவின் கையிலிருந்த ஹோஸ் குடத்தை விட்டு நழுவி ரோட்டில் ஊற்றியது.

“வந்துட்டான் டீச்சர்” என்றார் மாமா. “கடைசி பஸ்ல வந்து எறங்குறான். தாடியெல்லாம் வளந்துபோச்சு. அந்தம்மா பாத்துட்டு, என்னடா இப்படி எளச்சிட்டியேன்னு கேக்குது. அவ்ளோதான், படம் முடிஞ்சுது.”

டீச்சர் தலையாட்டிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு எங்கள் தெருவில் எந்தப் படத்திலும் யாரும் சாகவில்லை. பிரிந்தவர்கள் சேர்ந்தார்கள், காணாமல் போனவர்கள் கிடைத்தார்கள், கான்சர் வந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். அதற்கு முன்பெல்லாம் மாமா வில்லனோடு நல்லவர்கள் நாலு பேரையும் சேர்த்துக் கொன்று கதையை முடிப்பவர். சினிமாக்காரர்கள் திருந்திவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

டிவிக்காரர்கள் ஒரு படத்தை ஒருமுறை போட்டுவிட்டுச் சும்மா இருப்பவர்கள் இல்லை. சில மாதங்கள் கழித்து டிபன் கடைப் படம் மறுபடியும் வந்தது. மாமா சனிக்கிழமை காலையிலிருந்தே வேறொரு காமெடிப் படத்துக்காக வீடு வீடாக வாதாடினார். அதற்குக் கீரை, முருங்கை, வாழைப்பூ எதுவுமே வேண்டாம், அப்படி ஒரு படம் என்றார். ஆனால் எதிர்வீட்டு அக்கா ஒரே போடாகப் போட்டார்.

“அட போ தம்பி. அந்த அம்மா புள்ள படம் தானே? நல்லபடியா முடியுதுன்னு நீதானே சொன்ன? அதையே பாக்கலாம்.”

மாமா சொன்ன முடிவுதான் அந்தப் படத்தைத் தெருவுக்குப் பிடித்த படமாக ஆக்கியிருந்தது. அவர் யாரைக் குறை சொல்ல முடியும்?

ஞாயிறு மதியம் எங்கள் ஹாலில் அம்மா, டீச்சர், எதிர்வீட்டு அக்கா, நான். பாதிப் படத்தில் தெருவிலிருந்து செய்தி வந்தது. கேம்ப் ரோட்டில் லாரி பஞ்சர், இன்றைக்குத் தண்ணீர் கிடையாது. வேறு நாளாக இருந்தால் ஊராட்சியைத் திட்டித் தீர்த்திருப்பார்கள். அன்றைக்கோ அக்கா சந்தோஷமாகச் சுவரில் சாய்ந்து காலை நீட்டினார். “ஒரு படத்தையாவது முழுசா பாப்போம்” என்றாள் அம்மா. மாமா மட்டும் நின்றுகொண்டே இருந்தார். ரிமோட்டை எடுத்தார், அம்மா பிடுங்கினாள். கேபிள் ஒயர் லூசாக இருக்கிறது, பார்க்கட்டுமா என்றார். “டேய், சும்மா ஒக்காருடா” என்று அம்மா அதட்டினாள். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

படத்தில் அந்த அம்மா கடையைச் சாத்திக்கொண்டிருந்தாள். அப்போது தெருமுனையிலிருந்து மாமாவின் குரல்.

“லாரி வந்துடுச்சு! லாரி! ஓடியாங்க!”

கால் நீட்டியிருந்த அக்கா எழுந்த வேகத்தில் எங்கள் ஸ்டூல் கவிழ்ந்தது. அம்மா ஓடினாள். டீச்சர் ஒரு நிமிடம் டிவியைப் பார்த்தார், பிறகு அவரும் எழுந்து போனார். என் சின்னக் குடம் கட்டிலுக்கு அடியில் மாட்டிக்கொண்டது. அதை இழுத்துக்கொண்டிருந்தபோது டிவியைப் பார்த்தேன், அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கடைசி பஸ் வந்தது. மகன் இறங்கவில்லை. முன்பின் தெரியாத ஒரு ஆள் இறங்கினார், கையில் மகனின் பை. அதை அந்த அம்மாவிடம் நீட்டினார். அந்த அம்மா பையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அவ்வளவுதான்.

எனக்கு மாமா மேல் கோபம் வந்தது. தாடி எங்கே? இளைத்துப் போனது எங்கே?

தெருமுனையில் காலிக் குடங்களோடு தெருவே நின்றது. “எங்க கீது லாரி? காட்டு பாப்போம்!” என்று எதிர்வீட்டு அக்கா மாமாவை உலுக்கி எடுத்துக்கொண்டிருந்தார். “இன்னா, வெளையாட்டா பூட்சா ஒனக்கு? முட்டி வலியோட ஓடியாறேன்!” ஹாரன் மாதிரி கேட்டது என்று மாமா முனகினார். அவர் தலை குனிந்து நின்றதைப் பார்க்க என் கோபம் போய் அழுகை வந்துவிட்டது. அம்மா அவரோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள். வாடகைக்கு இருக்கிறவர்கள் தெருவில் பேரைக் கெடுத்துக்கொள்ளலாமா என்று சமையலறையில் பாத்திரங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பா மறைமலை நகரில் வேலை பார்த்தவர். மச்சானுக்குக் கம்பெனிப் பக்கமாக ஒரு ரூம் பார்த்துக் கொடுத்துவிடலாமா என்றுகூடக் கேட்டார்.

அன்று சாயங்காலமே மாமாவிடம் போய்க் கேட்டேன். “பை மட்டும்தானே மாமா வந்துது?”

அவர் முகம் மாறிவிட்டது. “நீ பாத்தியா? யார்கிட்டயும் சொல்லாத. டீச்சர்கிட்ட சொல்லவே கூடாது. என் கண்ணு இல்ல?”

தெருவிலேயே முதன்முதலாக ஒரு படத்தின் முடிவைப் பார்த்தவள் நான். அதைச் சொல்லக் கூடாது என்றால் எப்படி? இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் அம்மா மாடிக்குக் கறிவேப்பிலை கொடுத்தனுப்பினாள். டீச்சர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

“ஆன்ட்டி, அந்த டிபன் கடைப் படம் மாமா சொன்ன மாதிரி முடியாது” என்றேன்.

டீச்சர் பேனாவை மூடினார். “தெரியும்மா.”

“எப்படித் தெரியும்? நீங்கதான் தண்ணிக்குப் போயிட்டீங்களே?”

“அண்ணா சின்னப் பையனா இருந்தப்ப நாங்க தியேட்டர்லயே பாத்துட்டோம். படம் முடிஞ்சும் எழுந்திரிக்க மாட்டேன்னு அழுதான்.” ஒரு பிஸ்கட்டை எடுத்து என் கையில் வைத்தார். “எனக்குத் தெரியும்னு மாமாகிட்ட சொல்லிடாத, என்ன?”

தலையாட்டிவிட்டு இறங்கி வந்தேன். மாமா டீச்சரிடம் சொல்லாதே என்கிறார், டீச்சர் மாமாவிடம் சொல்லாதே என்கிறார். பெரியவர்கள் நேராக உட்கார்ந்து பேசினால் என்ன என்று தோன்றியது.

அடுத்த ஞாயிறு லாரி ஒழுங்காக வந்தது. ஹோஸ் எதிர்வீட்டு அக்கா கையில் இருந்தது. பாதித் தண்ணீர் குடத்திலும் பாதி ரோட்டிலுமாக ஊற்றிக்கொண்டிருந்தார். மாமா எங்கள் குடங்களை வைத்துக்கொண்டு தள்ளி நின்றார். அன்றைய படத்தின் முடிவை யாரும் கேட்கவில்லை. டீச்சர் குடத்தோடு நேராக மாமாவிடம் வந்தார்.

“தம்பி, போன வாரம் கடைசியில எழுந்து ஓடி வந்துட்டேன். அந்தப் பையன் வந்தது எப்படின்னு இன்னொரு தடவ சொல்லுங்க.”

மாமா சுற்றிலும் பார்த்தார். எதிர்வீட்டு அக்கா வந்து ஹோஸை அவர் கையில் திணித்தார். மாமா சொல்ல ஆரம்பித்தார். கடைசி பஸ், தாடி, எளச்சிட்டியேடா. முதல் தடவை சொன்னதைவிட நிதானமாகச் சொன்னார். முடிந்ததும் டீச்சர் கேட்டார்.

“வந்ததும் சாப்பிட்டானா?”

“சாப்ட்டான் டீச்சர். வயிறு நெறைய.”

“என்ன போட்டாங்க?”

மாமா ஹோஸை அடுத்த குடத்துக்கு மாற்றினார். “ஞாயித்துக்கெழம இல்லீங்களா? கறிக்குழம்பு.”

எனக்குப் பொறுக்கவில்லை. அது இட்லிக் கடை. படம் முழுக்க ஒரு கறித்துண்டு கிடையாது. கூட்டல் கணக்கில் ஒன்று தப்பினாலும் விடாத டீச்சர் இதையாவது திருத்துவார் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

“ம்” என்றார் டீச்சர். “அதுதான் அவனுக்கு ரொம்பப் பிடிக்கும்.”

அந்தப் பையனுக்கு என்ன பிடிக்கும் என்று படத்தில் எங்கேயும் சொல்லவில்லை. முழுவதும் பார்த்தவள் நான். இது இவருக்கு எப்படித் தெரியும் என்று யோசித்தபடியே, நிரம்பியிருந்த என் சின்னக் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.