சனிக்கிழமை நாலு மணித் தும்மல்

என் அக்காவுக்கு வாஷிங் மெஷினைப் பிரிக்காமலே அதன் நோயைச் சொல்லத் தெரியும். மெஷின் ஓடும்போது பக்கத்துச் சுவரில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு இரண்டு நிமிடம் கேட்பாள். பேரிங் போய்விட்டது என்பாள். அல்லது உள்ளே ஒரு சட்டைப் பொத்தான் சுற்றுகிறது என்பாள். பிரித்துப் பார்த்தால் பொத்தான் இருக்கும். வீட்டுக்காரர்கள் வாயைப் பிளந்துகொண்டு, இதை எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்பார்கள். கிடாரும் டிரம்ஸும் வைத்துக்கொண்டு கத்துகிற, தலைவாராத நாலு ஆண்களிடம் என்பாள் அவள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்துச் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது. அந்த நாலு தடியன்களால் நாசமாய்ப் போனது என் சின்ன வயசு.

எங்கள் வீட்டின் முன் அறைதான் அப்பாவின் சலவைக் கடை. நடுவில் இஸ்திரி மேஜை, சுவரோரம் ஊரார் கோட்டுகள் தொங்கும் கம்பி, மேலே பலகையில் ரேடியோ. ரேடியோவை உள்ளே கொண்டுபோனால் கரகரவென்று இழுக்கும், அந்தப் பலகையில் வைத்தால்தான் ஒழுங்காகப் பாடும். எங்கிருந்தோ மாமா ஒரு டேப் ரெக்கார்டர் கொண்டுவந்து கொடுத்தார். இரண்டையும் இணைக்க வயர் கிடையாது. ஆகவே ரேடியோ வாய்க்கு நேராக மைக்கைப் பிடித்துத்தான் பாட்டைப் பிடிக்க வேண்டும். அக்காவுக்குப் பதினாலு வயசு, எனக்கு ஒன்பது. மைக் ஸ்டாண்டு யார் என்று கேட்கவே வேண்டாம். ஸ்டூலில் ஏறிக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றே எனக்குத் தோள் வலி வந்தது. இன்றுவரை போகவில்லை.

சனிக்கிழமை நாலு மணியிலிருந்து ஐந்து வரை நேயர் கேட்ட மேல்நாட்டுப் பாடல்கள். அதை நடத்தியவருக்கு அக்கா வைத்த பெயர் வாயாடி. பாட்டு முடிவதற்குள் பேச ஆரம்பித்துவிடுவார். அவர் போதாதென்று எங்கள் வீடு வேறு. அக்காவின் முதல் கேசட்டில் அம்மா பாத்திரம் போட்ட சத்தம் இருக்கும், குழாய் ஒழுகுவது இருக்கும். ஒரு காதல் பாட்டில் பாடகன் உருகி உருகி ஒரு வரியை இழுக்கும்போது, வாசலில் ஒருத்தர் வந்து, "பேன்ட் ரெடியா?" என்பார். அந்தப் பாட்டை நான் இப்போது முணுமுணுத்தாலும் சரியாக அந்த இடத்தில் பேன்ட் ரெடியா என்றுதான் வாயில் வருகிறது.

அக்கா சட்டம் போட்டாள். சனிக்கிழமை நாலிலிருந்து ஐந்துவரை வீட்டில் எவரும் பேசக்கூடாது, நடக்கக்கூடாது, எதையும் வைக்கக்கூடாது, எடுக்கக்கூடாது. அட்டையில் எழுதிக் கடை வாசலிலேயே மாட்டினாள். அம்மா ஒரு முறை முறைத்துவிட்டு அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டாள். சிக்கல் அப்பாதான். அவர் வாயால் அல்ல, மூக்கால். துணித் தூசும் கஞ்சிப் பொடியும் ஏறி ஏறி அப்பாவுக்குத் தும்மல் நிரந்தரம். அதுவும் சும்மா தும்மல் இல்லை. அடுத்த கடைக்காரர் தராசு முள்ளைப் பிடித்துக்கொள்வார். யார் தும்மினாலும் அம்மா "நூறு" என்று ஆயுள் கொடுப்பாள். அப்பாவுக்குக் கொடுத்த கணக்கில் அவர் இன்னும் ஏழெட்டு யுகம் இருந்தாக வேண்டும்.

ஆகவே சனிக்கிழமை நாலு மணிக்கு, வீட்டுக்குச் சொந்தக்காரர் வீட்டை விட்டு வெளியே போனார். எதிர்ப்புறம் டீக்கடைத் தாழ்வாரத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, சுவரில் சாய்ந்து நிற்பார். என்னவென்று கேட்டவர்களிடம், உள்ளே ரெக்கார்டிங் நடக்கிறது என்று பெருமையாகச் சொல்வார்.

இப்போது பாட்டு. அக்கா அதைத் தன் சிநேகிதி வீட்டில் ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டு வந்தாள். வந்தவள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஒற்றைக் கிடாரில் மூன்று தட்டு தட்டி மெதுவாக ஆரம்பிக்கும், அப்புறம் டிரம்ஸ் சேரும், ஏறி ஏறி உச்சிக்குப் போய், கடைசிப் பல்லவிக்கு முன்னால் எல்லாம் பட்டென்று நின்றுவிடும். ஒரு விநாடி சத்தமே இருக்காது. பிறகு நாலு பேரும் ஒன்றாக வந்து விழுவார்கள். அந்த ஒரு விநாடிதான் பாட்டு என்பாள் அக்கா. சத்தமே இல்லாத இடத்துக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று கேட்டதற்கு என் தலையில் குட்டினாள். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று ஒரு பழமொழியும் சேர்த்துக் கொடுத்தாள்.

வாயாடிக்குப் பதினோரு வாரம் பதினோரு தபால் அட்டை போட்டாள். பன்னிரண்டாம் வாரம் அவர் மனம் இரங்கினார். அன்றைக்குப் பார்த்து மழை. டீக்கடை மூடியிருந்தது. தாழ்வாரத்தில் சாரல் அடித்ததால் அப்பா இருபது நிமிடம் நனைந்து பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு பின்கதவு வழியாகத் திருடன்போல் உள்ளே வந்தார். தொங்கிய கோட்டுகளுக்கு நடுவே தானும் ஒரு கோட்டாக நின்றார். அக்கா திரும்பிப் பார்த்து உதட்டில் விரல் வைத்தாள். அப்பா தலையாட்டினார். அதே நேரம் வாயாடி பாட்டின் பெயரைச் சொன்னார்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. வாசலில் யாரும் வரவில்லை, அம்மா அசையவில்லை, என் கை நடுங்கவில்லை. பாட்டு உச்சிக்கு ஏறியது. பட்டென்று நின்றது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான், வேறென்ன சொல்ல. அப்பா அடக்கி வைத்திருந்ததெல்லாம் சேர்ந்து அந்த ஒரு விநாடிக்குள் வெடித்தது. அடுப்படியிலிருந்து அம்மா, பழக்க தோஷம், "நூறு" என்றாள். நாலு பேரும் வந்து விழுந்தார்கள்.

பாட்டு முடியும்வரை அக்கா நகரவில்லை. பிறகு பொத்தானை அமுக்கி டேப்பை நிறுத்தினாள். அப்பா தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, "காலி இடமாப் பாத்துத்தாம்மா தும்மினேன்," என்றார். உண்மையிலேயே சமாதானம் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னார்.

"இந்த வீட்டுல நீங்க இல்லாம இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்," என்றாள் அக்கா.

அப்பா துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டார். இஸ்திரிப் பெட்டியைச் சூடு பண்ணப் போய்விட்டார். அம்மா வந்து அக்காவுக்கு முதுகில் ஒன்று வைத்தாள், அதனால் போன வார்த்தை திரும்பி வந்துவிடுமா?

வாயாடி அந்தப் பாட்டை மறுபடி போடவே இல்லை. கொஞ்ச நாளில் நிகழ்ச்சியே நின்றுபோனது. ஆனால் எங்கள் வீட்டில் சனிக்கிழமை நாலு மணி நிற்கவில்லை. அக்கா தும்மல் கேசட்டைப் போடுவாள், அப்பா சொல்லாமலே எழுந்து போய்விடுவார். மழையானாலும் குடையோடு போவார். மெல்ல மெல்ல அது சனிக்கிழமையை விட்டுப் பாட்டோடு ஒட்டிக்கொண்டது. எந்த நாளில், எங்கே அந்த மூன்று தட்டு கேட்டாலும் அப்பா எழுந்து வாசலுக்குப் போனார்.

அக்கா வளர்ந்தாள். சலவை மெஷின்கள் வீடு வீடாக வந்து அப்பா தொழிலைப் பாதியாக்கியபோது, அந்த மெஷின்களையே பழுதுபார்க்கக் கற்றுக்கொண்டு இவள் வீடு வீடாகப் போனாள். கல்யாணம் செய்துகொண்டாள், ஒரு மகனைப் பெற்றாள், அவன் எந்தப் பாட்டும் கேட்காத பையனாக வளர்ந்து அவளைப் பழிவாங்கினான். இடையில் அந்தப் பாட்டின் சுத்தமான குறுந்தகடு கிடைத்தது. ஆசையாக வாங்கி வந்து எங்கள் வீட்டில்தான் போட்டாள். அப்பா மூன்றாவது தட்டிலேயே எழுந்துவிட்டார். அப்புறம் போனில் அதை ரிங்டோனாக வைத்தாள். அவளை யாராவது கூப்பிட்டால் அப்பா வாசலுக்குப் போனார். ஒரு நாள் நாலு பேர் கூப்பிட்டு, அப்பா நாலு தடவை வெயிலில் போய் நின்ற பிறகு ரிங்டோனை மாற்றினாள்.

ஒரு தடவை மெஷின் ஒன்றின் பின்பக்கத்தைக் கழற்றிக்கொண்டே என்னிடம் சொன்னாள்: "அப்பா ஒரே ஒரு தடவை என் பக்கத்துல உட்கார்ந்து அந்தப் பாட்டை முழுசாக் கேக்கணும்டி. அது போதும் எனக்கு."

போய் மன்னிப்பு கேட்டுத் தொலையேன் என்றேன். ஸ்பானரை எடு என்றாள். எங்கள் வீட்டில் மன்னிப்பு கேட்கும் பழக்கம் கிடையாது. யாரோடாவது மனஸ்தாபம் என்றால் அவர் சட்டையை இன்னொரு தரம் கூடுதலாகத் தேய்த்து வைப்போம், அவ்வளவுதான். அக்கா நாற்பது வருடமாக அப்பா சட்டைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் அந்த நாலு தடியன்களும் எங்கள் ஊருக்கே வந்தார்கள். கடைசிச் சுற்றுப்பயணமாம். நாலில் இரண்டு பேருக்கு வாராமல் விட முடியே இல்லை. அக்காவுக்கு ஐம்பத்துநாலு, அப்பாவுக்கு எண்பது. மாலை ஐந்து மணிக் கச்சேரிக்கு மூன்று டிக்கெட் வாங்கினாள். அம்மா, அந்தச் சனியன்களை வீட்டிலேயே போதுமான அளவு கேட்டாகிவிட்டது என்று மறுத்துவிட்டாள். அப்பா வருகிறேன் என்றதே பெரிய ஆச்சரியம். வரிசைக்கு நட்டநடுவில் இருக்கை, அதிலும் எங்கள் இருவருக்கும் நடுவில் அப்பா. தப்பிக்க வேண்டுமென்றால் பத்துப் பன்னிரண்டு முழங்கால்களைத் தாண்ட வேண்டும். எல்லாம் அக்காவின் திட்டம். உள்ளே நுழையுமுன் அவரைக் கழிப்பறைக்கும் ஒருமுறை அனுப்பிவைத்தாள்.

அப்பா நல்ல பிள்ளையாக ஒரு மணி நேரம் உட்கார்ந்தார். பாடகன் கசங்கிய சட்டையோடு மேடைக்கு வந்ததுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. ஒரு இஸ்திரி போடக்கூடவா ஆள் இல்லை என்று என் காதில் மூன்று தடவை கேட்டார். அக்கா பாட்டைக் கேட்கவே இல்லை, அப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விளக்குகள் அணைந்தன. ஒற்றைக் கிடார் மூன்று தட்டு தட்டியது. அரங்கமே எழுந்து கத்தியது. அப்பாவும் எழுந்தார். அக்கா அவர் கையைப் பிடித்தாள். "நீ கேளும்மா," என்று கையை மெல்ல விடுவித்துக்கொண்டு, மன்னிக்கணும், மன்னிக்கணும் என்று எல்லோர் முழங்கால்களையும் தாண்டிப் போய்விட்டார். எண்பது வயசில் அந்த வேகம் எங்கிருந்து வந்ததோ.

அக்கா மேடையைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். பதினாலு வயசிலிருந்து காத்திருந்த பாட்டு கண் முன்னால், கைக்கெட்டும் தூரத்தில் நடக்கிறது. அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எழுந்து ஓடினாள். நான் மூன்று பேர் பையையும் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். தங்கையாகப் பிறந்தால் அப்படித்தான்.

வெளியே இரும்புக் கதவுக்குப் பக்கத்தில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, சுவரில் சாய்ந்து நின்றிருந்தார் அப்பா. உள்ளே பாட்டு ஏறிக்கொண்டிருந்தது.

"அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுப்பா," என்றாள் அக்கா. மூச்சு வாங்கியது அவளுக்கு.

"என்னிக்கு?"

"மழை பேஞ்ச அன்னிக்கு. நீங்க தும்மினப்போ."

அப்பா கொஞ்சம் யோசித்தார். "ஓ, அதுவா. ரெண்டு நாள் கோபமாத்தான் இருந்துச்சு. அப்புறம் டீ நல்லா இருந்துச்சு."

பிறகு மெல்ல மெல்ல எல்லாம் வெளியே வந்தது. பத்து வயசிலிருந்து இஸ்திரிப் பெட்டி பிடித்த கை அவருடையது. வாரம் முழுக்க ஒரு நிமிடம் ஓய்வு கிடையாது, உட்கார்ந்தால் அம்மா ஏதாவது வேலை வைப்பாள். சனிக்கிழமை நாலிலிருந்து ஐந்துவரை மட்டும் அவரை எவரும் கூப்பிட முடியாது. ஏன், மகள் போட்ட சட்டம் இருக்கிறது. ஒரு டீயைக் குடித்துவிட்டு, டீக்கடைச் சுவரில் சாய்ந்துகொண்டு, வீட்டு ஜன்னல் வழியாக வருவதைக் கேட்டுக்கொண்டிருப்பார். கோபம் ஆறிவிட்டது என்று சொன்னால் உள்ளே கூப்பிட்டு விடுவார்களே என்றுதான் சொல்லவில்லை.

"அப்போ இத்தனை வருஷமா எதுக்கு எழுந்து எழுந்து போனீங்க?" அக்காவுக்கு அழுவதா அவரை அடிப்பதா என்று தெரியவில்லை.

"கால் பழகிடுச்சும்மா. உள்ளே உட்கார்ந்து கேட்டா இரைச்சலா இருக்கு. சுவத்துக்கு இந்தப் பக்கம் நின்னு கேட்டாத்தான் அது பாட்டு."

சொல்லிவிட்டு இரும்புக் கதவில் விரலால் தட்ட ஆரம்பித்தார். டிரம்ஸ் எங்கே திரும்புகிறது, கிடார் எங்கே ஏறுகிறது, எல்லாம் அவர் விரலுக்குத் தெரிந்திருந்தது. ஒரு இடம் பிசகவில்லை. நாற்பது வருடம் இந்தப் பாட்டைத் தும்மலோடு முழுசாகக் கேட்டவர் உலகத்தில் இரண்டே பேர், ஒருத்தி உள்ளே, ஒருவர் வெளியே. அக்கா அவர் பக்கத்தில் போய்ச் சுவரில் சாய்ந்து நின்றாள். சுத்தமான குறுந்தகட்டைத் தன்னால் கேட்கவே முடியவில்லை என்றும், அந்த இடம் வந்ததும் தும்மலைக் காணாமல் படி இல்லாத இடத்தில் கால் வைத்ததுபோல் இருக்கிறது என்றும், நாற்பது வருடத்தில் முதல் தடவையாக அவரிடம் சொன்னாள். அப்பா தட்டுவதை நிறுத்தாமல் தலையாட்டினார்.

பாட்டு உச்சிக்குப் போனது. அப்பாவின் விரல் கதவிலிருந்து உயர்ந்தது. உள்ளே பல்லாயிரம் பேரோடு பட்டென்று எல்லாம் நின்றது. அப்பா மூக்கைச் சுருக்கினார். வரவில்லை. எண்பது வயசு, கஞ்சிப் பொடியை விட்டு எவ்வளவோ காலமாகிறது, கேட்ட நேரத்துக்கு வருமா? அவர் பாவமாக அக்காவைப் பார்த்தார்.

அக்கா தும்மினாள். துளியும் வெட்கமில்லாத, பச்சைப் பொய்யான, தெருவே திரும்பிப் பார்க்கும் தும்மல்.

"நூறு," என்றேன் நான். அம்மா வரவில்லையே, யாராவது சொல்ல வேண்டாமா?