வாங்கிய மூச்சும் விட்ட மூச்சும்

விரல் நுனியில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தில் சர்க்கரை பார்க்கும் கருவியை மாமனார் என் முகத்துக்கு நேரே நீட்டிக் காட்டிய காலை இன்றும் கண்ணில் நிற்கிறது. அமெரிக்காவில், கேட்டி என்ற ஊரில் எங்கள் வீட்டுச் சமையலறை. அவர் தட்டில் அவித்த முட்டைகள், என் தட்டில் இட்லி. திரையில் நூற்றுப் பதினெட்டு. "பாருங்க மாப்பிள்ளை, இது பாஸ் மார்க் இல்லீங்க, டிஸ்டிங்ஷன்" என்றார். கோபியில் முப்பது வருடம் அரிசி ஆலை நடத்தியவர், பேஸ்புக்கில் பேலியோ உணவுமுறைக் குழு ஒன்றில் சேர்ந்து சோற்றை அடியோடு விட்டிருந்தார். மாமியாருக்கு அது தீராத கேலி. "ஊருக்கெல்லாம் அரிசி அரைச்சுக் குடுத்துப்போட்டு, இப்ப இவருக்கு மட்டும் அரிசி ஆகாதாம்" என்பார். மாமனார் கோபித்துக்கொண்டதே இல்லை. இன்னொரு முட்டையை உடைத்தபடி, "ஆலை ஓடுனது மத்தவங்க தின்னதாலதான்" என்பார். எங்களைப் பார்க்கப் புறப்படுவதற்கு முன் ஊர் டாக்டர் எழுதிக்கொடுத்த புதுச் சர்க்கரை மாத்திரையும் அவர் கைவசம் இருந்தது. சோறு இல்லை, மாத்திரை உண்டு. எண்கள் அழகாக இறங்கின. எங்களுக்கும் சந்தோஷம்தான்.

அவருக்கு முடியாமல் போனது ஒரு வியாழக்கிழமை. என் மனைவி வெள்ளி என்பாள். மெமோரியல் டே விடுமுறை வாரத்தில் குப்பை வண்டி ஒரு நாள் தள்ளி வரும் என்பது அவள் வாதம். ஆனால் இது நடந்தது அதற்கு முந்தைய வாரம். குப்பைத் தொட்டியைத் தெருவுக்கு உருட்டிவிட்டு நான் உள்ளே வந்தபோது, சோபாவின் விளிம்பில் இரண்டு கைகளையும் ஊன்றி உட்கார்ந்திருந்தார். இரண்டு நாளாகவே குமட்டல், வாந்தி. எதுவும் இறங்கவில்லை, மாத்திரையை மட்டும் தவறாமல் போட்டுக்கொண்டிருந்தார். இப்போது மாடிப்படி ஏறி வந்தவரைப் போல, ஆழமாகவும் வேகமாகவும், ஒரே சீராக மூச்சு வந்துகொண்டிருந்தது. "வெயில்..." என்றார்; ஒரு மூச்சு. "ஒண்ணுமில்லீங்க...", இன்னொரு மூச்சு. இரண்டு சொல்லுக்கு மேல் சேர்த்துச் சொல்ல முடியவில்லை. சர்க்கரை பார்த்தோம், நூற்று அறுபத்து நான்கு. மனைவி விரலில் கிளிப் மாட்டி ஆக்சிஜன் பார்த்தாள், தொண்ணூற்று எட்டு. வீட்டில் இருந்த கருவிகள் எல்லாம் அவர் நலம் என்றே சொல்லின. மாமியார் மட்டும் எதையும் பார்க்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு, "இப்படி மூச்சு வாங்குது, நீங்க நம்பரைப் பார்த்துட்டு நிக்கறீங்க. காரை எடுங்க மாப்பிள்ளை" என்றார்.

அவசரப் பிரிவில் எக்ஸ்ரே எடுத்தார்கள். நுரையீரல் சுத்தமாக இருந்தது. இதயமும் சரியாக இருந்தது. பிறகு ஒருவர் வந்து, மணிக்கட்டில் நாடி பிடித்துப் பார்க்கும் அதே இடத்தில் ஊசியை இறக்கி ரத்தம் எடுத்தார். வழக்கமாக ரத்தம் எடுப்பது சிரையிலிருந்து, இது தமனியிலிருந்து. நுரையீரலைக் கடந்து வந்த கையோடு பிடித்த ரத்தம் என்பதால், உடம்பில் காற்றும் அமிலமும் என்ன நிலையில் இருக்கின்றன என்பதை அது உள்ளபடி சொல்லும் என்பது எனக்குப் பின்னால் தெரிந்தது. மாமனார் வலியில் முகம் சுளித்தார், ஆனால் மூச்சின் தாளம் மாறவில்லை. சில நிமிடங்களில் முடிவு வந்தது. அதைப் பார்த்த இளம் மருத்துவர், நோயாளி களைத்துவிடுவார், மயக்க மருந்து கொடுத்துத் தொண்டையில் குழாய் இறக்கிச் செயற்கை மூச்சு இயந்திரத்தில் போட்டுவிடலாம் என்று எங்களிடம் பேச ஆரம்பித்தார். அப்போதுதான் தீவிர சிகிச்சைப் பிரிவின் டாக்டர் வந்தார்.

முப்பத்தைந்து வயதிருக்கும், சென்னைப் பெண். கட்டிலுக்கு வந்ததும் காகிதத்தைப் பார்க்கவில்லை. மாமனாரின் மார்பு ஏறி இறங்குவதையே சற்று நேரம் நின்று பார்த்தார். அதன் பிறகுதான் எண்களைப் படித்தார். மாமியார் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டார். "பாக்க முடியல கண்ணு. ஒரு ஊசியப் போட்டுத் தூங்கவாவது வையி. இந்த மனுசன் இப்படி மூச்சு வாங்கி நான் பார்த்ததே இல்ல."

"ஆன்ட்டி, அங்கிள் மூச்சு வாங்கல" என்றார் டாக்டர். "விடறார்."

எங்களுக்குப் புரியவில்லை. டாக்டர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு மாமியாருக்கு எதிரே உட்கார்ந்தார். "காத்து பத்தாம இழுத்தா அது மூச்சு வாங்கறது. இவருக்கு ஆக்சிஜன் நிறையவே இருக்கு. ரத்தத்துலதான் அமிலம் ஏறிப்போச்சு. பி.எச். ஏழு புள்ளி நாலு இருக்கணும், இவருக்கு ஏழு புள்ளி ஒண்ணு. அமிலத்தை அடக்கற பைகார்பனேட் கிட்டத்தட்ட காலி, அஞ்சுதான் இருக்கு. அதனால பாடி என்ன பண்ணுது, கார்பன் டை ஆக்சைடை வெளிய தள்ளி அமிலத்தைக் குறைக்கப் பாக்குது. பைகார்பனேட் அஞ்சுன்னா, கார்பன் டை ஆக்சைடு நாப்பதுல இருந்து பதினாறு கிட்ட இறங்கணும். இவருக்குப் பதினாறு. அங்கிளோட லங்ஸ் ஒரு மார்க் கூட விடல. இப்போ நான் இவரைத் தூங்க வெச்சா அந்த வேலைய யார் பாப்பா? மெஷினால இந்த அளவுக்குப் பாக்க முடியாது. பத்து நிமிஷத்துல ஹார்ட் நின்னுடலாம்."

காரணத்தையும் சொன்னார். அந்த மாத்திரை சர்க்கரையைச் சிறுநீரில் இறக்கிவிடுகிறது. அதனால் ரத்தத்தில் எண் நன்றாகவே தெரியும். ஆனால் சோறும் இல்லாமல், இரண்டு நாள் வேறெதுவும் இல்லாமல், உடம்பு கொழுப்பையே எரித்து அமிலமாகக் குவித்துக்கொண்டிருந்தது. இன்சுலினோடு சர்க்கரைத் தண்ணீரும் ஏற்றச் சொன்னார். "சக்கரைக்காரருக்குச் சக்கரைத் தண்ணியா கண்ணு?" என்றார் மாமியார். "அந்த டிரிப்தான் இப்போ இவருக்குச் சோறு ஆன்ட்டி" என்றார் டாக்டர். ஒன்றை மட்டும் அவர் மறைக்கவில்லை. இந்த வேகத்தில் மூச்சு விடுவதும் ஓட்டப்பந்தயம் போலத்தான். அறுபத்தெட்டு வயதில் எவ்வளவு நேரம் ஓட முடியும் என்று சொல்ல முடியாது. களைத்துவிட்டால் வேறு வழியின்றிக் குழாய்தான், அதிலும் ஆபத்து உண்டு என்றார். இயந்திரம் கட்டிலுக்கு அருகே கொண்டுவந்து நிறுத்தப்பட்டது.

'வாங்கு' என்ற சொல்லைப் பிற்பாடு அகராதிகளில் தேடிப் பார்த்தேன். இழுத்தல் என்பது அதன் பழைய பொருள்களில் ஒன்று. கடைக்குப் போய் வாங்குவதெல்லாம் பின்னால் வந்திருக்க வேண்டும். வேகமாக மூச்சு விடுகிறவர் யாரானாலும் மூச்சு வாங்குகிறது என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அவர் உள்ளே இழுக்கப் பாடுபடுகிறாரா, வெளியே தள்ளப் பாடுபடுகிறாரா என்று அந்தச் சொல் கேட்பதில்லை. அந்தப் பெண் தமிழில் யோசித்து அதைச் சொன்னாரா, வாய்க்கு வந்தபடி சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. கேட்டிருக்கலாம்.

பிற்பகலில் மூச்சின் வேகம் குறையத் தொடங்கியது. முதலில் கவனித்தது மாமியார்தான். காலையிலிருந்து அது அடங்காதா என்று தவித்தவர், அடங்க ஆரம்பித்ததும் பயந்துபோனார். என் மனைவி ஓடிப்போய் டாக்டரை அழைத்து வந்தாள். அவர் மாமனாரின் தோளைத் தொட்டு, "அங்கிள்" என்றார். மாமனார் கண்ணைத் திறந்தார், பேசவில்லை. "குணமாகியும் மெதுவாகலாம். களைச்சுப்போயும் மெதுவாகலாம். வெளிய பாக்க ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்" என்றார் டாக்டர். மறுபடியும் மணிக்கட்டில் ஊசி. எந்த வகையானாலும் கார்பன் டை ஆக்சைடு ஏறியிருக்கும், பி.எச். எந்தப் பக்கம் போயிருக்கிறது என்பதுதான் கேள்வி என்று என்னிடம் தணிந்த குரலில் சொன்னார். பி.எச்.சும் கூடவே ஏறியிருந்தால் அமிலம் குறைகிறது. இறங்கியிருந்தால் உடனே குழாய். சொல்லிவிட்டுக் கையுறைகளை எடுத்து மாட்டிக்கொண்டார். இயந்திரத்தின் பக்கத்தில் இருந்தவர் அதை இயக்கிச் சரிபார்த்தார். என் மனைவி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். மாமியார் மாமனாரின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு, மார்பின் ஏற்ற இறக்கத்தோடு தானும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

மாமனார் அதற்குப் பிறகு ஊரில் நான்கு வருடம் நன்றாக இருந்தார், சோறும் தின்றார். சென்ற ஆண்டு வேறு நோயில் போனார். மாமியார் இப்போது எங்களோடு கேட்டியில் இருக்கிறார். அந்த டாக்டர் வேறு மாநிலத்துக்குப் போய்விட்டதாகக் கேள்வி. அந்த நாளைப் பற்றிப் பேச்சு வந்தால் நானும் மனைவியும் கிழமையில் ஆரம்பித்துவிடுவோம். மாமியார் அதில் கலந்துகொள்வதில்லை. அவர் நினைவில் அந்த நாள் இந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது.

டாக்டர் திரையில் ரத்த முடிவைப் பார்த்தார். "கார்பன் டை ஆக்சைடு இருபத்தாறு" என்றார். பிறகு, "பி.எச். ஏழு புள்ளி ரெண்டு அஞ்சு. ஏறியிருக்கு" என்று சொல்லிக் கையுறைகளைக் கழற்றினார். மாமியாருக்கு எண் புரியவில்லை, கழற்றியது புரிந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்ப இவரு இனித் தூங்கலாமா கண்ணு?" என்றார்.

"தூங்கட்டும் ஆன்ட்டி."

"தூங்கினா ஒண்ணும் ஆகாதே?"

"ஒண்ணும் ஆகாது. நான் இங்கதான் இருக்கேன்."

கட்டிலிலிருந்து குரல் வந்தது. கண்ணைத் திறக்காமலே மாமனார் சொன்னார்: "நீங்க ரெண்டு பேரும் பேச்சை நிறுத்துனீங்கன்னா நான் தூங்கிப்போடுவனுங்க." நடுவில் ஓர் இடத்திலும் மூச்சுக்காக நிற்காமல், முழு வாக்கியத்தையும் ஒரே வீச்சில் சொல்லியிருந்தார்.